வீட்டில் திறக்காத தளம் கடையில் திறக்கிறது: பூட்டு யார் கையில்?

கேள்வி: 16 பிப்ரவரி 2025, காலை 11.20

அண்ணே, சத்துவாச்சாரியில் இருந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரியில் இருந்து விகடன் தளம் எங்கள் வீட்டு வைஃபையில் திறக்கவில்லை. சிம் டேட்டா போட்டால் திறக்கிறது. மாமனார் ‘ரூட்டர் போச்சு, மாத்து’ என்கிறார். ரூட்டரா, மேலிடமா? விபிஎன் போட்டால் திறக்கும் என்று நண்பன் சொல்கிறான். போட்டால் போலீஸ் வருமா? எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. படிக்கத்தான் கேட்கிறேன்.

16 பிப்ரவரி, மதியம் 2.05

ரூட்டரை மாற்றாதீர்கள். நான் சொன்னதாக மாமனாரிடம் சொல்லுங்கள்.

காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் பதினெட்டு வருடமாக ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இப்போது ப்ரௌசிங் கால், ஜெராக்ஸ் முக்கால். கடையில் இரண்டு கம்பெனி இணைப்பு உண்டு, காலையில் இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் வருகிறது, ஒன்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரூட்டர் பழுது என்றால் எல்லாத் தளமும் அல்லவா படுக்க வேண்டும்? ஒன்று மட்டும் படுத்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எப்படி என்பதை நம்மூர் கணக்கில் சொல்கிறேன். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் இடத்தின் பெயரைச் சொல்கிறீர்கள், வழி அவருக்குத் தெரியும். தளத்தின் பெயரை வாங்கிக்கொண்டு அதன் எண் முகவரியைக் கொடுக்கும் டிஎன்எஸ் செய்வது அந்த வேலைதான். அவரிடம் முன்கூட்டியே யாராவது சொல்லி வைத்திருந்தால் ‘அப்படி ஒரு இடமே இல்லையே சார்’ என்பார். அல்லது வேறெங்கோ கொண்டுபோய் இறக்கிவிடுவார். இது ஒரு வகை. வேறு ஆட்டோ பிடித்தால், அதாவது டிஎன்எஸ்ஸை மாற்றினால், போய்ச் சேரலாம்.

அடுத்தது கொஞ்சம் விவரமான வேலை. வண்டி சரியான வழியில்தான் கிளம்பும். பாலாற்றுப் பாலத்தில் நிறுத்தி, உங்கள் கையில் இருக்கும் கவரின் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் கடிதம் எச்டிடிபிஎஸ் பூட்டுக்குள் இருக்கிறது, படிக்க முடியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற பெயர், இணைப்பு தொடங்கும் முதல் பேச்சிலேயே வெளியில் தெரியும். அதற்கு எஸ்என்ஐ என்று பெயர். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் அங்கேயே கவர் காலி. உங்கள் திரையில் ‘பதில் இல்லை’ என்று வரும். ஒவ்வொரு கம்பெனியும் அதனதன் வழியில், அதனதன் வேகத்தில் மூடுவதால்தான் உங்கள் வீட்டில் ஒன்று, போனில் ஒன்று.

பாலத்தில் கவரைப் பார்க்க முடியாதபடி மூடிய வேனில், இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாகப் போய்ச் சேர்வதுதான் விபிஎன். அது குற்றமில்லை. தைரியமாகப் போடுங்கள். கடையில் ஆள் நிற்கிறார்கள், அப்புறம் வருகிறேன்.

16 பிப்ரவரி, இரவு 10.40

மதியம் அவசரத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது பாதிதான் சரி.

விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று நாடு முழுக்கப் பொருந்தும் சட்டம் எதுவும் இல்லை. அலுவலக வேலையை வீட்டில் இருந்து செய்கிற பாதிப் பேர் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் 2020 பிப்ரவரியில் காஷ்மீரில், தடை இருந்த காலத்தில் விபிஎன் வழியாகச் சமூக ஊடகம் பார்த்தவர்கள் மீது போலீஸ் வழக்குப் போட்டது. ஆகவே இடம், பொருள், ஏவல்.

இன்னொன்று, 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எண் எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் இங்கே இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

அப்புறம் இலவச விபிஎன். உங்கள் நண்பன் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பாலத்தில் இருப்பவர் பார்க்கக் கூடாது என்று, முன்பின் தெரியாத ஒருவன் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் இது. எங்கெல்லாம் போகிறீர்கள் என்பது இனி அவனுக்குத் தெரியும். காசு வாங்காமல் அவன் எதற்கு வண்டி ஓட்டுகிறான் என்று யோசித்துவிட்டு ஏறுங்கள்.

18 பிப்ரவரி, காலை 7.15

இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. சந்தாதாரர்களுக்கான விகடன் பிளஸ் மின்னிதழில் ஒரு கார்ட்டூன். அமெரிக்கா நம் ஆட்களை விலங்கு மாட்டி விமானத்தில் திருப்பி அனுப்பியது அல்லவா? அமெரிக்க அதிபர் பக்கத்தில் நம் பிரதமர் கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பதாக வரைந்திருந்தார்கள். 15ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் தளம் போனது. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் மறுநாள் வந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கடையைப் பூட்டிவிட்டு, பிறகு வந்து ‘கடையைப் பூட்டலாமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் இதற்கு அதிகாரம் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, வெளிநாட்டு உறவு இப்படிச் சில காரணங்களுக்கு மட்டும். எப்படி மூடலாம் என்பதற்கு 2009இல் விதிகள் போட்டார்கள். அதில் 16ஆம் விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மூடியதையாவது தளம் திறக்காததை வைத்து நாமே கண்டுபிடிக்கலாம். ஏன் என்று கேட்டால் அது ரகசியம்.

கார்ட்டூன் எனக்குப் பிடித்ததா என்றால் சுமார். அது வேறு பேச்சு.

18 பிப்ரவரி, காலை 9.30

திருத்தம். மேலே முதலில் 66ஏ என்று எழுதியிருந்தேன். ஒருவர் சுட்டிக்காட்டினார், 69ஏ என்று மாற்றிவிட்டேன். 66ஏ செத்துப்போன பிரிவு. இணையத்தில் ‘எரிச்சலூட்டும்’ வகையில் எழுதினால் ஜெயில் என்றது அது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேடிக்கை, அதே தீர்ப்பில்தான் 69ஏ பிழைத்துக்கொண்டது. நடைமுறைப் பாதுகாப்புகள் இருக்கின்றன, அதனால் செல்லும் என்றார்கள்.

20 பிப்ரவரி, இரவு 11.05

‘கலவரம் வரக் கூடாது என்றுதான் நெட்டை நிறுத்துகிறார்கள், ரெண்டு நாள் போன் பார்க்காவிட்டால் செத்தா போவோம்?’ என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். தளத்தை மூடுவது வேறு, நெட்டையே நிறுத்துவது வேறு, அது இருக்கட்டும். அவருக்குப் பதில் சொல்ல என் சந்தை விட நல்ல இடம் கிடையாது.

வேலூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக: சி.எம்.சி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் தெருக்களில் லாட்ஜுகளும் சமையலறை வைத்த அறைகளும்தான் தொழில். நோயாளிகள் வருவது மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, மணிப்பூர், ஜார்க்கண்ட், எல்லை தாண்டி வங்கதேசத்தில் இருந்து. கடைகளில் வங்காள எழுத்தில் போர்டு. மீன் கடைக்காரர் வங்காளத்தில் பேரம் பேசுவார். ஆட்டோக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் எந்த ஊர் என்றே சந்தேகம் வரும். என்னை எல்லோரும் ‘தாதா’ என்பார்கள். அவர்கள் ஊரில் அண்ணன் என்று அர்த்தம். நம்மூரில் அர்த்தம் வேறு. முதல் வாரம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

2023 மே 3 அன்று மணிப்பூரில் நெட் போனது. அடுத்த நாள் ஒரு பையன் கடைக்கு வந்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது, முன்பணம் கட்ட வேண்டும். அப்பா போனில் இருந்து ஜிபேயில் போடுவதாகப் பேச்சு. அப்பா இருப்பது இம்பாலுக்கு வெளியே ஒரு கிராமம். கால் போகிறது, பணம் வரவில்லை. தினமும் காலையில் வந்து ‘தாதா, ஆயா க்யா?’ என்பான், வந்துச்சா என்று. அவன் மொபைலில் பார்த்ததை நம்பாமல் என் கம்ப்யூட்டரிலும் பேலன்ஸ் பார்க்கச் சொல்வான். பதினோராம் நாள் அவன் மாமா எப்படியோ குவாஹாட்டி போய்ச் சேர்ந்து அங்கிருந்து அனுப்பினார். அதுவரை அறை வாடகை கேட்காமல் விட்டவர் லாட்ஜ் முதலாளி. அரிசி கொடுத்தது பக்கத்து அறை சில்சர் குடும்பம். அங்கே மொபைல் நெட் சரியாக டிசம்பர் ஆனது. நடுவில் செப்டம்பரில் கொடுத்து, மூன்று நாளில் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கலவரம் செய்தவன் யாரும் என் கடைக்கு வரவில்லை. வந்தது இவன்தான்.

வங்கதேசம் 2024 ஜூலை. மாணவர் போராட்டம், 18ஆம் தேதி நாடு முழுக்க நெட் இல்லை. பிராட்பேண்ட் வர ஐந்தாறு நாள், மொபைல் நெட் 28ஆம் தேதி. அந்தப் பத்து நாளும் எங்கள் சந்து எழவு வீடு மாதிரி இருந்தது. எல்லோருக்கும் அங்கே படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. ஐஎஸ்டி போட்டால் ரீசார்ஜ் கரைகிறது. ஒரு பெரியவர், கண்ணுக்குச் சிகிச்சைக்கு வந்தவர், ராத்திரி கடை மூடும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஏதாவது செய்தி வந்தால் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கு வங்காளம் கடைப் பேச்சுக்குத்தான் வரும், செய்தி சொல்லும் அளவுக்கு வராது. ஆங்கிலச் செய்தியை நான் அரைகுறை இந்தியில் சொல்வேன், அதை அவர் பேத்தி வங்காளத்தில் சொல்வாள். மூன்று பேர் கை மாறிப் போய்ச் சேர்வதற்குள் செய்தியில் செத்தவர்கள் எண்ணிக்கை கூடிக் குறைந்துவிடும். அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

நம்மூரில் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு, பதின்மூன்று பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்துக்கும் ஐந்து நாள் நெட் நிறுத்த ஆணை. என் தங்கச்சி மகன் அப்போது பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தான். அவன் கவலை துப்பாக்கி இல்லை, காலேஜ் அப்ளிகேஷன் கடைசித் தேதி. நான் இங்கே உட்கார்ந்து அவனுக்குப் போட்டுவிட்டேன். ஓடிபி மட்டும் போனில் படித்துச் சொன்னான்.

2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: முடக்கும் ஆணையை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது. அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் மேலே சொன்ன மணிப்பூர்.

21 பிப்ரவரி, காலை 6.50

‘தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்’ என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981இல் வந்துவிட்டார், ஜலகண்டேஸ்வரர் இப்போது கோட்டைக்குள் நன்றாக இருக்கிறார். பாலாற்றில் எப்போதாவது தண்ணீரும் வருகிறது. காலியான இடத்துக்கு ‘நெட் இல்லாத போன்’ என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நேற்று தூக்கம் வராமல் யோசித்தேன்.

21 பிப்ரவரி, இரவு 9.15

ஒன்று விட்டுப்போனது. வங்கதேசத்துக்காரர்களுக்கு வாட்ஸாப்பை விட இமோ பழக்கம், அதிலும் பெரியவர்களுக்கு. 2023 மே மாதம் நம் அரசு பதினான்கு செய்திச் செயலிகளைத் தடை செய்தது. தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். பட்டியலில் இமோவும் உண்டு. நெட் இல்லாமலே ப்ளூடூத்தில் பேசிக்கொள்ளும் பிரையர் என்ற செயலியும் உண்டு. அந்த மாதம் மட்டும் எத்தனை பாட்டிகளுக்கு வாட்ஸாப் போட்டுக் கொடுத்தேன் என்று கணக்கில்லை. ஒரு பாட்டி இமோவின் அந்த நீலப் பொட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பச்சைப் பொட்டை அமுக்குங்கள் என்றேன். அமுக்கினார். மறுமுனையில் மகனிடம் வாட்ஸாப் இல்லை.

23 பிப்ரவரி, மாலை 4.30

‘அரசாங்கம் மட்டும்தான் மூடுகிறதா?’ என்று கேட்டவருக்கு.

இல்லை. சினிமாக்காரர்களும். திருட்டு விசிடிக்குப் பிறகு திருட்டு டவுன்லோட் வந்தது. யார் மேல் வழக்குப் போடுவது என்று தெரியாது, ஆகவே ஊர் பேர் தெரியாத பிரதிவாதிக்கு நீதிமன்றத்தில் ஒரு பெயர் வைப்பார்கள். அசோக் குமார். எங்கள் சந்தில் டீக்கடை அண்ணன் பெயரே அதுதான். அவரிடம் இதைச் சொன்னேன். ‘நான் டவுன்லோடே பண்ணலப்பா’ என்றார் பதறிப்போய்.

2012இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய அசோக் குமார் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற பகிர்வுத் தளங்கள் எல்லாவற்றையும் இணைய கம்பெனிகள் முழுதாக மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் மூட வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்க வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்டில் மறுபடி. இரண்டு இந்திப் படங்களுக்காகத் தடை செய்யச் சொன்ன 2,600க்கும் மேற்பட்ட முகவரிகளில் ஆர்கைவ் டாட் ஆர்க்கும் மாட்டிக்கொண்டது. உலகத்தின் பழைய புத்தகங்களும் பழைய இணையப் பக்கங்களும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் அது. எலிக்கு வைத்த பொறியில் வீட்டுப் பூனை.

அதற்கும் முன்னால், 2006 ஜூலை. மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு சில பக்கங்களை மட்டும் மூடச் சொன்னார்கள். கம்பெனிகள் வலைப்பூக்கள் இருக்கும் பிளாக்ஸ்பாட்டையே மூடிவிட்டன. நான் அப்போது தோட்டப்பாளையத்தில் இன்னொருவர் கடையில் வேலை. தமிழில் வலைப்பூ எழுதுகிற ஒருவர் தினமும் வந்து அரை மணி நேரம் தட்டுவார். அன்று வந்து பார்த்து, என்னைத்தான் திட்டினார். ‘உங்க கடை நெட்டு ஓட்டை’ என்று பத்து ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். முதலாளி அதை என் சம்பளத்தில் பிடித்தார். இந்திய இணையத் தணிக்கையால் நேரடியாகப் பண நஷ்டம் அடைந்த முதல் சில பேரில் நானும் ஒருவன்.

26 பிப்ரவரி, நள்ளிரவு 12.20

முதல் கேள்வியில் ‘எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு ஒரு காரசாரமான பதில் மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை, 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி தீர்ப்பு, ஒன்பது நீதிபதிகள், ஒருமனதாக, இப்படி. இன்று சாயங்காலத்துக்குப் பிறகு அதை எழுத வாய் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு ஒரு அம்மா வந்தார். போன வாரம் என் கடையில் அவருடைய லேப் ரிப்போர்ட்டை மெயிலில் இருந்து இறக்கி பிரிண்ட் எடுத்தவர். இன்று அதே மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த பையன் ஒருவன் ரிசல்ட் பார்க்க உட்கார்ந்திருக்கிறான். டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தவன் கண்ணில் அவர் பெயர் பட்டிருக்கிறது. என்ன ரிப்போர்ட் என்று எழுத மாட்டேன். சொந்தக்காரர்களிடம்கூட அவர் சொல்லாத ஒன்று. அவர் கத்தவில்லை. ‘நீங்க அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் தம்பி’ என்றார். அவ்வளவுதான்.

அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆறு கம்ப்யூட்டரையும் பார்த்தேன். ஆதார், பாஸ்போர்ட், வங்கதேச விசா, பயாப்ஸி ரிப்போர்ட், மார்க் ஷீட், சொத்துப் பத்திரம். மூன்றாம் நம்பரில் மட்டும் 1,940 கோப்பு. பிரிண்ட் போட அனுப்புங்கள் என்று போர்டில் எழுதி வைத்திருக்கும் என் வாட்ஸாப் எண்ணில் அதற்கு மேல். ஒரு பிரௌசரில் யாரோ ஒருவர் மெயில் இன்னும் திறந்தே இருந்தது.

பாலத்தில் நிறுத்தி கவரைப் பார்ப்பவனைப் பற்றிப் பத்து நாளாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரித்த கவரை எல்லாம் மேசை மேல் பரப்பி வைத்திருந்தது நான்.

அழித்துவிட்டேன். மூன்று மணி நேரம் ஆனது. ரீசைக்கிள் பின்னையும். கை வலிக்கிறது.

26 பிப்ரவரி, மதியம் 1.10

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, வேண்டாம். ‘ஒவ்வொருவர் கிளம்பியதும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைக்கலாமே’ என்று சொன்னவருக்கு நிஜமான நன்றி. கெஸ்ட் அக்கவுண்ட் மாதிரி போட்டாகிவிட்டது. ஆள் எழுந்ததும் லாக் ஆஃப், எல்லாம் போய்விடும். இதைப் பதினெட்டு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

28 பிப்ரவரி, இரவு 10.00

‘அழிப்பது சட்ட விரோதம் இல்லையா, ப்ரௌசிங் சென்டர் ரெக்கார்டு வைக்க வேண்டுமே?’ நல்ல கேள்வி, இதில் நானே குழம்பியிருந்தேன்.

ப்ரௌசிங் சென்டர்களுக்கான 2011 விதிகள்படி: அடையாள அட்டை இல்லாமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. பெயர், முகவரி, எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டையும், எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற விவரத்தையும் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். மாதா மாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் என் கடையில் ஆறடி கேபின் இருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்த அன்று காலேஜ் ஜோடிகள் வருவது நின்றது, வருமானமும் பாதியாகக் குறைந்தது. அந்தப் பலகையில்தான் இப்போது ஜெராக்ஸ் மேசை.

ஆனால் வாடிக்கையாளர் இறக்கிய ரிப்போர்ட்டை நான் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அது சோம்பேறித்தனம்.

ஒரு வருடம் என்றால் ஒரு வருடம். என் பரணில் இருப்பது எத்தனை வருடத்து மூட்டை என்று எண்ணிப் பார்க்கவில்லை. அதில் ஒரு மூட்டை கதை தனி. கொரோனாவுக்கு முந்தின வருடம், இடம் அடைக்கிறது என்று அடையாள அட்டை ஜெராக்ஸ் கட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். ஒரு மாதம் இருக்கும், மழை நாள், லாங் பஜார் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். எண்ணெய் ஊறிய காகிதத்தில் ஒரு பெண் பிள்ளையின் போட்டோ, கீழே திரிபுரா முகவரி, ஓரத்தில் என் கையெழுத்தில் ‘சி.நெ. 4’. சிஸ்டம் நெம்பர் நான்கு. பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

1 மார்ச், காலை 8.00

‘பஜ்ஜியைத் தின்றீர்களா!’ என்று ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். சூடாக இருந்தது.

2 மார்ச், மாலை 6.40

ஆதார் ஜெராக்ஸ் பற்றி: 2022 மே கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், ப்ரௌசிங் சென்டரில் இறக்காதீர்கள், இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடையில் அதை ஒட்டி வைத்திருந்தேன், எனக்குத்தான் அது வியாபாரக் கெடுதல், இருந்தாலும் ஒட்டினேன். பிறகு கிழித்தேன். நான் படித்த அரசு அறிவிப்புகளிலேயே சரியாகப் புரிந்தது அதுதான்.

கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் கொடுத்தால் ‘முழுசு வேணும்’ என்பார்கள், அது வேறு சண்டை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், காந்தி நகரில் எங்களுக்கு வேண்டிய ஒரு ரிட்டையர்டு வாத்தியாரை டிசம்பரில் இரண்டு மணி நேரம் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்தார்கள். வீடியோ காலில் போலீஸ் உடுப்பு. உங்கள் பெயரில் பார்சல், அதில் போதைப் பொருள், கேமராவை அணைக்காதே. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. வாத்தியாரை நம்ப வைத்தது உடுப்பு இல்லை. அவர் ஆதார் எண்ணை, கடைசி இலக்கம் வரை, அவன் சொன்னதுதான். மருமகள் உள்ளே வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள், பணம் தப்பியது. போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

எண் எப்படிப் போனது என்று கேட்டார். நாலைந்து வழி சொன்னேன். அவர் எனக்கு வாடிக்கை என்பதைச் சொல்லவில்லை.

7 மார்ச், காலை 10.15

நேற்று சென்னை உயர் நீதிமன்றம் விகடன் தளத்தைத் திறக்கச் சொல்லிவிட்டது. நிபந்தனை: வழக்கு முடியும் வரை அந்தக் கார்ட்டூன் பக்கத்தை எடுத்து வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்காக மொத்தத் தளத்தையும் மூடுவானேன் என்பதுதான் 2012இலும் பேச்சு. சத்துவாச்சாரித் தம்பி, உங்கள் வீட்டில் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துச் சொல்லுங்கள். மூடும்போது ஓடுகிற வேகம் திறக்கும்போது எல்லாக் கம்பெனிக்கும் இருக்காது.

9 மார்ச், ஞாயிறு, மாலை 5.30

மூட்டைகளை இன்று இறக்கினேன். போன ஒரு வருடத்துப் பதிவேட்டை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மற்றதை எரிக்கலாம் என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் மூன்றாம் வீட்டு அக்கா ‘துணி காயுது’ என்று சத்தம் போட்டார். ஆகவே துணி ஊற வைக்கிற அண்டா. தண்ணீரில் பேனா மை ஓடிவிடுகிறது. ஜெராக்ஸ் பொடி ஓடாது, அது பிளாஸ்டிக் மாதிரி. இரண்டு நாள் ஊறிய பிறகு கையால் பிசைந்து கூழாக்கினால்தான் முகம் போகும்.

முதல் அண்டா இப்போது ஊறுகிறது. இன்னும் ஏழெட்டு அண்டா வரும். பையன் வந்து எட்டிப் பார்த்து, ‘அப்பா, எல்லாரும் மேல பாக்குறாங்க’ என்றான். ஒரு தட்டை எடுத்து மூடி வைத்திருக்கிறேன்.